குமுதா போன வெளிநாடு

முதுகில் பெரிய பையைச் சுமந்தபடி ஒரு பெண் ஒற்றையாய் மலேசிய மலையூரான கோலா தெர்லாவின் சாலையில் நடந்து வந்தால் போதும், குமுதா கையிலிருக்கும் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள். பூ வாளிகளுக்கு நடுவே கிடக்கும் பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். சாப்பிட்டாயா என்பது முதல் கேள்வி. தனியாகவா வந்தாய் என்பது அடுத்தது. அதற்குப் பிறகு கேட்பதில்தான் வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். எங்கள் ஊரில் உனக்கு எது பிடிக்கவில்லை?

"புடிச்சது என்னான்னு கேட்டா எல்லாரும் தேயிலைன்னுதான்லா சொல்றாங்க. புடிக்காதத கேட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்பாள் குமுதா. ஸ்ட்ராபெர்ரி புளிக்கிறது என்றாள் ஒரு கொரியாக்காரி. சாலை முழுக்க கார்கள் என்று முகம் சுளித்தாள் வேறொருத்தி. "எனக்கும்தான் புடிக்கல" என்று சொல்லி குமுதா அவளுக்கு ஒரு பூவைச் சும்மாவே கொடுத்தனுப்பினாள்.

குமுதா ஐம்பதை நெருங்குகிறாள். ஆண்கள் போடும் குளிர்ச்சட்டை, முழங்கால்வரை ரப்பர் காலணி. கட்டைவிரல் நகத்தில் எப்போதும் பச்சைக் கறை. எதிர்ச்சரிவில் தெரிகிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தப் பக்கச் சரிவுக்கு வந்தாள். வந்த நாள்முதல் பிளாஸ்டிக் கூரைக்கடியில் சாமந்தி வளர்க்கிறாள். கணவன் கோகிலன் லாரி ஓட்டினான். மலைக்குக் கீழே ஈப்போ நகரம், தைப்பூசத்துக்குப் பத்துமலை, மகள் படித்த கோலாலம்பூர். இவற்றைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை.

ஈப்போவில் கோகிலனுக்கு இன்னொரு குடித்தனம் இருந்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நான் அங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"கொழம்பு ஊத்தவா?" என்று குமுதா கேட்டாள்.

அந்தக் கேள்வியை நினைத்து அவள் பின்னாளில் பலமுறை சிரித்திருக்கிறாள். கோர்ட்டில் எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தது. லாரி அவனுக்கு, பூத்தோட்டம் இவளுக்கு. இருந்தாலும் மலையிலிருந்து பூ இறங்க லாரி வேண்டும். அதனால் வாரா வாரம் அவன் வந்து பூக்கட்டுகளை ஏற்றிப் போவது மட்டும் நிற்கவில்லை.

மகள் ஷர்மினி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். தோட்டத்தைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு என்னோடு வந்து இரும்மா என்று அவள் நச்சரித்தாள். குமுதாவும் சரியென்கிற நிலையில்தான் இருந்தாள். அந்த நேரத்தில்தான் முக்காலிக்கு ஒரு ஜெர்மன்காரி வந்து சேர்ந்தாள். விவாகரத்தாகிவிட்டது, என்னையே தேடிக்கொண்டு கிளம்பி வந்தேன் என்றாள்.

குமுதாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தேடுறதுக்கு வேற எடமே கெடைக்கலையா? இங்க கோபிஸும் மழையும்தான்லா இருக்கு!" மலேசியாவில் முட்டைக்கோஸுக்கு அதுதான் பெயர். சொன்னது தமிழில்தான், புரியாவிட்டாலும் ஜெர்மன்காரியும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் போன பிறகு குமுதாவுக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட்டாள்.

"ஷர்மி, நானும் அந்த மாதிரி ஒருக்கா எங்கயாச்சும் போய்ட்டு வரட்டா?"

"இந்தியாவுக்காம்மா? கோயிலுக்கா?"

"கோயிலுக்குப் போனா சாமியத்தான் பாக்கலாம். நான் தேடுற ஆளு வேற."

அம்மாவுக்கு வெயில் ஆகாதென்று யோசித்து, ஷர்மினி வியட்நாமில் டாலாட் என்கிற மலையூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். விமானத்தில் குமுதா ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேருந்து மலையேறியதும் முகம் விழுந்துவிட்டது. சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை, கூரைக்கடியில் சாமந்தி, வெளியே வரிசை வரிசையாக முட்டைக்கோஸ். இறங்கியதும் மகளுக்குப் போன் போட்டுக் கத்தினாள். "இதுக்கா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்? இங்கயும் கோபிஸ்தான்டீ! சுத்திச் சுத்தி வந்து நம்ம கோலா தெர்லாவுலயே எறங்கிட்டேன்!"

முதலிரண்டு நாள் அறையைவிட்டு அதிகம் நகரவில்லை. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். யாருக்கும் சமைக்க வேண்டாம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். கட்டில் விளிம்பில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பாட்டுக் கடையில் படம் போட்ட அட்டையைக் கொடுத்தார்கள். "என்னா வேணும்னு கேட்டான். எனக்கு என்னா சொல்றதுன்னே தெரியல. அவருக்கு என்னா புடிக்கும், புள்ளைக்கு என்னா புடிக்கும், அதுதான் தெரியும். எனக்கு என்னா புடிக்கும்னு யாரு கேட்டா?" பக்கத்து மேசைக்காரர் தட்டைக் கைகாட்டினாள். வந்தது நத்தை. அதையும் தின்றாள். "நல்லாத்தான் இருந்துச்சு!" என்று அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் கண் விரியும்.

மூன்றாம் நாள் கால் போன போக்கில் ஊர்க்கோடிவரை நடந்தவள் ஒரு சாமந்தித் தோட்டத்தின் முன் நின்றுவிட்டாள். கூம்புத் தொப்பி போட்ட ஒருத்தி, குமுதா வயதுதான் இருக்கும், தண்டின் பக்கவாட்டு மொட்டுகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்படிக் கிள்ளினால்தான் தண்டின் உச்சியில் ஒரே பூ பெரிதாக மலரும். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த குமுதா, எப்போது உள்ளே போனாள் என்று அவளுக்கே தெரியாது. எதிர்வரிசையில் நின்று கிள்ள ஆரம்பித்திருந்தாள். தொப்பிக்காரி ஒரு பார்வை பார்த்தாள், அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்தாள், பிறகு அவளும் தன் வேலையைத் தொடர்ந்தாள்.

அவள் தன் மொழியில் ஏதோ பேசினாள். குமுதா தமிழில் பதில் சொன்னாள்.

"அவ வீட்டுக் கதைய சொன்னான்னு நெனைக்கிறேன். நானும் என் கதைய சொன்னேன். ஈப்போ, கொழம்பு, கோர்ட்டு, எல்லாம். இங்க ஒருத்தருக்கும் முழுசா சொன்னதில்ல. சொன்னா அறிவுரை சொல்லுவாங்க. அவ தலையத்தான் ஆட்டினா. அந்த வரிசை முடியறப்ப எனக்கு மூக்குல தண்ணியா ஊத்துது, அவ தொப்பிய கழட்டி விசிறி விடுறா."

மிச்ச நாளெல்லாம் அங்கேதான். ஏரியைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்க்கவில்லை. இதற்கா அனுப்பினேன் என்று ஷர்மினி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆனதுலேர்ந்து இது அவரு வேல, அவருக்காகச் செய்றேன்னு நெனச்சேன். அங்க என்னய யாரும் செய்னு சொல்லலடீ. கையி தானா போச்சு" என்றாள் குமுதா. ஊர் திரும்பியதும் பக்கத்துக்காரரிடம் தோட்டத்தை விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப உன்ன கண்டுபுடிச்சிட்டியாம்மா?"

"பாதி. மீதிக்கு வேற ஊரு பாக்கணும்."

முக்காலியில் உட்காருகிறவர்களிடம் அவள் அதற்காகவும்தான் துருவித் துருவிக் கேட்கிறாள். இப்போதைக்கு நேப்பாளத்தின் மீது ஒரு கண்.

சென்ற மாதம் ஒரு மழைப் பிற்பகலில் கோகிலன் வந்தான். பூக்கட்டுகளெல்லாம் லாரியின் பின்னால் ஏறியாயிற்று. வாசலில் ஒன்றுதான் மிச்சம். அவன் கிளம்பாமல் உள்ளிருந்தபடியே இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"பிரிஞ்சாங் பாசாருக்குச் சாமான் வாங்கத்தான போற? ஏறு, மழைல நிக்காத."

குமுதா லாரியின் பின்கதவுக் கொக்கியை இழுத்து மாட்டினாள்.

"தனியா எங்கெங்கயோ சுத்துறியாமே, மக சொல்லுச்சு. போதும்லா, குமுதா. எனக்கும் அங்க ஒன்னும் சரியில்ல. சாப்பாடுகூட..." அவன் முடிக்காமல் இருக்கையைக் கையால் துடைத்தான். "ஏறேன். போய்க்கிட்டே பேசலாம்."

குமுதா வாசலுக்குத் திரும்பிப் போய், மிச்சமிருந்த மஞ்சள் சாமந்திக் கட்டைத் தூக்கிவந்தாள். அவன் துடைத்துவைத்த இருக்கையில் அதைச் சாய்த்து உட்காரவைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பூ நசுங்காமல் கதவைச் சாத்திவிட்டு, லாரி கிளம்பலாம் என்று பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள்.