மணந்து பாராத பூக்கள்

வசந்தமலர் எந்தப் பூவையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவதில்லை. ரோசாவைக் கட்டுக்கட்டாகத் தூக்கும்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பிலிருந்து தள்ளியே பிடிப்பாள். நைன் எல்ம்ஸ் பூச்சந்தைக்குப் பின்னால் இருக்கிற பட்டறையில் அவளோடு வேலை செய்தவர்கள் இதை வருடக்கணக்காகக் கவனித்திருக்கிறார்கள். சிலர் அவளுக்குப் பூ ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தார்கள். விசயம் அதுவல்ல. சாமிக்கு வைக்கிற பூவை மணந்து பார்க்கக் கூடாது என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததை அவளுடைய கை பழகிக்கொண்டது. இந்தப் பூ சாமிக்குப் போகவில்லை, இன்சூரன்ஸ் கொம்பனிக்குப் போகிறது என்பது கைக்குத் தெரியவில்லை.

"மாதாவுக்கு வைக்கிற பூவையே நாங்கள் மணந்துதான் வைக்கிறம் அக்கா," என்பாள் றோஸ்மலர். மன்னார்ப் பெண். நோர்பரியில் வசந்தமலர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். விடியமுன் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்கள். "மாதா இதுவரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை."

"அவ நல்லவ. சொல்லமாட்டா," என்பாள் வசந்தமலர்.

பட்டறையை நடத்துகிறவர் பாலேந்திரா அண்ணை. அலுவலகங்களின் வரவேற்பிடங்களுக்குக் கிழமைதோறும் பூ அலங்காரம் வைத்துக் கொடுப்பது அவருடைய தொழில். அலங்காரம் செய்கிறவர்கள் அதற்கென்று படித்தவர்கள். வசந்தமலருக்கு வாளி கழுவுவதும் இலை உருவுவதும் முள் எடுப்பதும்தான் வேலை. மாரிக் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். மிஞ்சிப்போன கிளைகளை அவள் ஒரு மூலையில், ஓட்டைச் சாடியொன்றில், யாரும் பார்க்காத நேரத்தில் குத்தி வைத்துப் பார்ப்பாள். யாரும் பார்க்கவில்லை என்று அவள்தான் நினைத்திருந்தாள்.

"ஓல்ட்கேற்றில ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியின்ர சின்ன றிசெப்ஷன் கிடக்கு," என்று போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் பாலேந்திரா அண்ணை சொன்னார். "நீர் செய்து பாரும்."

முதல்நாள் அந்த இடத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். கறுப்புக் கல் சுவர். கூரை பதிந்து கிடந்தது. உயரமாக எதையும் வைத்தால் வருகிறவரின் தலையை அமுக்குகிற மாதிரி இருக்கும். அதனால் அகலமாகச் செய்தாள். வில்லோ கிளைகளை வாசல் பக்கமாக நீளச் சாய்த்து, அவற்றின் அடியில் வெள்ளைப் பூக்களை மேலும் கீழுமாக வைத்தாள். கதவால் வருகிற ஆளின் கண் முதலில் கிளையின் நுனியில் படும், பிறகு அதன் வழியே மேசைக்குப் போகும். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லவும் வராது.

திங்கட்கிழமைகளில் ஆட்கள் வரமுன் பூ ஏற்றுகிற வான் வண்டியில் போய், பழையதை எடுத்து, புதியதை வைத்து, நிலத்தைக் கூட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அந்தப் பூவை யாராவது பார்த்ததை அவள் பார்த்ததில்லை. ஒரு விதத்தில் அது நிம்மதி. ஆனால் மற்ற நாட்களில் வாளி கழுவும்போது அந்த இடமே கண்ணுக்குள் நிற்கும். கிளை சரிந்திருக்குமோ, தண்ணீர் சிந்தியிருக்குமோ, யாருடைய கோட்டிலாவது மகரந்தம் ஒட்டியிருக்குமோ?

இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் நினைத்தே பாராதது நடந்தது.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாலேந்திரா அண்ணை அவளைக் கூப்பிட்டார்.

"அந்த லில்லியை மணந்து பார்த்தனீரோ?"

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வாளி கிடந்தது. ஒண்டு மணக்காத சாதி, மற்றது மணந்து தள்ளுற சாதி. மொட்டில பிரிச்செடுக்கிறது கஷ்டம் எண்டுதான் ஒவ்வொரு வாளியிலயும் விரிஞ்ச பூ ஒண்டை விட்டு வைக்கிறது. சின்ன றிசெப்ஷனுக்கு எடுக்கேக்கை மணந்து பார்த்து எடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"வெள்ளையா இருந்தது அண்ணை."

"ரெண்டும் வெள்ளைதான்." அவர் நெற்றியைத் தடவினார். "ஹீற்றிங்கில எல்லாம் விரிஞ்சு, றிசெப்ஷனில இருக்கிற பிள்ளைக்கு மண்டையிடி வந்து, சத்தியெடுத்து, வீட்டை போயிட்டுதாம். மனேஜர் சாடியைக் கொண்டுபோய்க் குப்பை அறையில வைச்சிருக்கிறான். திங்கட்கிழமை தானே வந்து நிண்டு பாப்பானாம். சரியில்லாட்டி இனிப் பூவே வேண்டாமாம்."

"நான் என்ன செய்ய?"

"செய்து காட்டும். இந்தக் கட்டிடம் போனா உமக்குத் தர என்னட்டை வேற இல்லை. திரும்ப முழுக்க வாளிதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்கு அதே நினைப்புத்தான். கட்டடம் போவது ஒரு பயம். முகம் தெரியாத ஒரு பிள்ளை தன்னால் வாந்தியெடுத்துவிட்டது என்பது அதைவிடப் பெரிதாக நெஞ்சில் கிடந்தது. சாமியறையில் செவ்வந்தியை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றதைக் கணவர் தியாகராஜா பார்த்துவிட்டார்.

"போய் மணந்து பாருமன்," என்றார். "பூ மணந்ததுக்கு ஆரும் நரகத்துக்குப் போனதா நான் கேள்விப்படேல்லை."

"உங்களுக்குப் பகிடி."

"பகிடி இல்லையப்பா. நான் கோயில் பிரசாதத்தையே மணந்துபோட்டுத்தான் வாயில வைக்கிறனான்."

திங்கள் விடியமுன் அவள் முதல் வாளியில் குனிந்து முகத்தை வைத்தாள். குளிர்ந்த தண்ணீரும் இலையும் மணத்தன. அடுத்த வாளியிலும் அதே மணம். அதற்கடுத்ததிலும் அதேதான். பட்டறை முழுவதும் பூவாக இருக்கிற இடத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க மூக்குக்கும் பழக்கம் வேண்டுமே. அவளுடைய மூக்கு வேலையே செய்ததில்லை.

"றோஸ், இஞ்சை ஒருக்கா வா. எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை."

றோஸ்மலர் வாளி வாளியாகக் குனிந்து கொண்டு போனாள். "எயார்ப்போட் நாய் மாதிரி இருக்கு என்ர நிலமை. இது மணக்கும். இதுவும் மணக்கும். யூக்கலிப்டஸ் வேண்டாம், தைலப் போத்தல் திறந்த மாதிரி. இந்தப் பச்சை ஓர்க்கிட் நல்லது அக்கா, ஒண்டுமே இல்லை."

வில்லோ கிளை, கரும்பச்சை இலை, பச்சை ஓர்க்கிட். அவ்வளவுதான் எடுத்தாள். ஓல்ட்கேற்றில் வைத்து முடித்ததும் வழக்கம்போல் ஓடிவர முடியவில்லை. மனேஜர் வரும்வரை நிற்கவேண்டும். சுவரோரமாக நின்றாள். வானை ஓட்டி வந்தவர் வெளியே காத்திருந்தார்.

முதலில் வந்தது றிசெப்ஷனில் இருக்கிற அந்தப் பெண்தான். சட்டையில் குத்தியிருந்த பெயரை வசந்தமலர் வாசித்தாள். கோசிகா.

"அன்ரி, நீங்களா இந்த ஃபிளவர்ஸ் செய்யிறது?"

"ஓம் பிள்ளை."

"சொறி அன்ரி. நான் கொம்ப்ளெயின் பண்ணேல்லை. எனக்கு மைக்ரேன் இருக்கு. ஏன் சிக் எடுத்தனீ எண்டு கேட்டவை, அதுதான் சொன்னன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் இன்னும் புரொபேஷன்ல. இனியும் சிக் எடுத்தா என்னை வைச்சிருக்க மாட்டினம்."

வசந்தமலர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "இப்ப மணக்குதோ?"

கோசிகா பூவுக்குக் கிட்டப் போய், பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். "இல்லை." மறுபடியும் இழுத்தாள். முகம் சுருங்கியது. "பொறுங்கோ. என்னவோ இருக்கு."

வசந்தமலர் சாடிப் பக்கம் ஓரடி வைத்தாள். கோசிகா பூவை விட்டு அவளருகே வந்தாள்.

"அன்ரி, கோவிக்காதேங்கோ. உங்கட கோட்தான்."

பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில், லில்லி வாளிகளுக்கு மேலே இருக்கிற கொளுக்கியில்தான் அந்தக் கோட் வருடக்கணக்காகத் தொங்குகிறது. வசந்தமலர் அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடி, வானுக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். மெல்லிய சுவெற்றரோடு திரும்பி வந்தபோது மனேஜர் சாடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கோசிகாவைப் பார்த்து, எப்படியிருக்கிறது என்று கேட்டார். கோசிகா ஒரு கணம் வசந்தமலரைப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் மணக்கவில்லை, தனக்குச் சுகமாக இருக்கிறது என்று சொன்னாள். மனேஜர் கிளையின் நுனியிலிருந்து மேசைவரை ஒருதரம் பார்த்தார். பிடித்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வருட ஒப்பந்தம் இனி இல்லை, கிழமைக்குக் கிழமை பார்ப்போம், ஒருநாள் யாருக்காவது தலையிடித்தால் அன்றோடு சரி என்றார்.

இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது. கோசிகாவின் வேலை நிரந்தரமாகிவிட்டது. வசந்தமலருக்கு அந்த ஒரு கட்டடம்தான், மற்ற நாட்களில் வாளி. வருகிற திங்கட்கிழமைக்குப் பூ வேண்டுமா என்று மனேஜர் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் சொல்லுவார். இந்தக் கிழமை இன்னும் சொல்லவில்லை.