தேங்காய் எண்ணெயில் ஓடிய எருமை

அர்த்தநாரியைப் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தது அவருடைய வண்டியைத்தான். கஞ்சிக்கோட்டில் வேலை முடிந்து, கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வாய்க்கால் ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். தென்னந்தோப்புக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஒன்று உருண்டு வந்து நடுரோட்டில் நின்றது. ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். உடம்பைவிடச் சக்கரங்கள் பெரியவை. உள்ளே ஆள் இல்லை. நான் பிரேக் பிடித்தேன். அது கொஞ்சம் பின்வாங்கி, ஓரமாக ஒதுங்கி, எனக்கு வழி விட்டது. அந்த ரோட்டில் அதுவரை எனக்கு யாரும் வழி விட்டதில்லை.

பின்னாலேயே லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் கையில் ரிமோட்டோடு வந்தார்.

"பயந்துட்டீங்களா தம்பி?"

"இல்லீங்க."

"கொஞ்சம் பயந்திருக்கலாமுங்க. அதுக்குத்தான் இத்தாப் பெரிய டயரு போட்டது."

பேச்சுவாக்கில் நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல இடம் கிடைத்தால் விடுவதில்லை. அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை ஆகிவிட்டன. தோப்பிலிருந்த மோட்டார் ரூமில்தான் அவர் வண்டி கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் மோட்டார் ஒரு மூலையில் ஓடும். மீதி இடமெல்லாம் வண்டி. தேங்காய் எடுக்க வரும் வியாபாரியிடம், "இவரு நம்ம இஞ்சினீரு" என்பார்.

"பி.எஸ்சி.தானுங்கண்ணா" என்பேன்.

"இஞ்சினீரு பெருசுங்களா, பி.எஸ்சி. பெருசுங்களா?"

"ரெண்டும் வேற வேறங்க."

"அப்ப ரெண்டையும் சொல்லிப்போடலாம்."

அர்த்தநாரி பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர். தென்னை, கொஞ்சம் நெல், இரண்டு மாடு. வண்டிப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், போனில் ஒரு வீடியோ பார்த்ததாகச் சொல்வார். பார்த்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இவர் பார்த்த கையோடு எழுந்துபோய்ப் பழைய புல்வெட்டும் மெஷினைக் கழற்றி அதன் பல்சக்கரங்களை எடுத்துவிட்டார். மோட்டார், பேட்டரி, ரிமோட், டயர் எல்லாம் ஆன்லைனில் வந்தன. அடிச்சட்டம் கஞ்சிக்கோட்டு லேத்தில் வெட்டிய அலுமினியத் தகடு. மேல்கூடு, நீலத் தண்ணீர் டிரம்மை அடுப்பில் வாட்டி வளைத்தது. டிரம் எங்கே என்று அவர் மனைவி கோமதி தேடிக்கொண்டிருந்தபோது அது ஏற்கெனவே பானெட் ஆகியிருந்தது. வண்டிக்கு எருமை என்று பெயர்.

எருமைக்கு ஒரே குறை, ஷாக் அப்சார்பர் இல்லை. சின்னக் கல்லில் ஏறினால் கோழி மாதிரி துள்ளிக் கவிழும். அதையும் அர்த்தநாரியே செய்தார். மாட்டுக்கு ஊசி போடும் பெரிய சிரிஞ்சு நான்கு. மருந்தடிக்கும் பம்பில் இருந்த ஸ்பிரிங் நான்கு. சிரிஞ்சுக்குள் எண்ணெய் ஊற்றினால், சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த எண்ணெய் குலுக்கலை வாங்கிக்கொள்ளும்.

"இதுக்குன்னே தனி எண்ணெய் விக்கிறாங்கண்ணா. சிலிக்கான் எண்ணெய். வாங்கிரலாம்" என்றேன்.

அர்த்தநாரி என்னைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. சொந்தத் தோப்பு, சொந்தக் கொப்பரை, செக்கில் ஆட்டிய எண்ணெய் குடம் குடமாக வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் கதவுக் கீல், கால் பித்தவெடிப்பு, மாட்டுக் கொம்பு, மிக்ஸி, தலை எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய்தான்.

"எண்ணெயக் காசு குடுத்து வாங்கினேன்னு தெரிஞ்சா ஊருக்குள்ள தல காட்ட முடியுமுங்களா?" என்றார்.

ஊற்றினோம். சித்திரை மாத வெயில். எருமை வரப்பேறி, வாய்க்கால் தாண்டி, மட்டைக் குவியல் மேல் ஏறி இறங்கியது. மேலே வைத்த டம்ளர்த் தண்ணீர்கூடப் பாதிதான் சிந்தியது. நானும் சிலிக்கான் பேச்சை விட்டுவிட்டேன்.

அந்த டம்ளர்தான் வினையாகப் போயிற்று. கோமதியின் தம்பி பூபதிராஜா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது.

"மாமா, இதைய எங்கிட்டக் குடுங்க. மேல ஒரு தட்டு வெச்சு, தாம்பூலம், பன்னீருச் சொம்பு எல்லாம் ஏத்தி, வாசல்ல இருந்து மேடைக்கு ஓட்டிறலாம். எந்த மண்டபத்துலயும் இல்ல."

அர்த்தநாரியின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "மாப்ள, இது எருமை. மலையேறுற வண்டி. இது தாம்பூலம் தூக்குமா?"

"எந்த மலை ஏறுச்சுங்க மாமா? மட்டக் குமியத்தானே ஏறுச்சு."

வீட்டு முன்பந்தலில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் வாயை மூடிக்கொள்ளத் தெரியாதது அர்த்தநாரியின் பிறவிக் குணம். மூணாறு தாண்டி வட்டவடையில் மார்கழியில் ரிமோட் வண்டிப் பந்தயம் நடக்கிறது, கேரட் எடுத்த மலைக்காட்டில் ஏற்றிக் காட்டுகிறேன், எல்லைக் கயிற்றைத் தாண்டாவிட்டால் தை முதல் முகூர்த்தத்துக்கு வண்டி உன் மண்டபத்தில் நிற்கும் என்றார். பூபதிராஜா உடனே கையை நீட்டினார்.

"உங்க வாயில ரெண்டு சொட்டு எண்ணெய் ஊத்தியிருக்கோணும். திறந்தா மூட மாட்டேங்குது" என்றார் கோமதி.

பந்தயத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர் மொக்கையன். வட்டவடைக்காரர். ஜீப்பில் பூண்டு ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்கு வரும்போது அர்த்தநாரிக்குப் பழக்கம். அவர் ஊர்க் கவுசிக் என்ற பையனும் அவன் கூட்டாளிகளும்தான் நடத்துகிறார்கள். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். படிப்படியாக நாலு கேரட் வயல். கீழே தொடங்கி மேல் வயல் எல்லையில் கட்டிய கயிற்றைத் தாண்ட வேண்டும். கவிழ்ந்தால் கதை முடிந்தது.

மார்கழியில் மண்டபத்துக்கு வேலை கிடையாது. பூபதிராஜாவே காரை எடுத்தார். நானும் அர்த்தநாரியும் பின்சீட்டில். எருமை எங்கள் மடியில். முன்னால் கோமதி, இடுப்பு வலிக்கான சுடுதண்ணீர்ப் பையோடு. உடுமலை, மறையூர், மூணாறு தாண்டி வட்டவடை போய்ச் சேரும்போது சாயங்காலம். மொக்கையன் வீட்டில் தங்கினோம். எருமை வாசலில் நின்ற ஜீப்பில் தங்கியது.

காலையில் புல்மேல் வெள்ளையாகப் பனி. நாங்கள் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அர்த்தநாரி குரங்குத் தொப்பிக்குள்ளிருந்து ரிமோட்டை அழுத்தினார். எருமை ஒரு கல்லில் ஏறி, அப்படியே கட்டையாகத் துள்ளிச் சாய்ந்தது. நிமிர்த்தினோம். மறுபடி சாய்ந்தது.

மொக்கையன் குனிந்து பார்த்தார். "என்னண்ணே இது, ஊசிக்குள்ள வெண்ணெய வச்சிருக்கீக?"

நான்கு சிரிஞ்சிலும் எண்ணெய் உறைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கையால் அழுத்தினால் அசையவில்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் குளிரில் உறையும் என்று தெரியாதவர் எங்களில் யாரும் இல்லை. பாலக்காட்டு வெயிலில் அது எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"சிலிக்கான்னு ஒண்ணு சொன்னீங்களே" என்றார் அர்த்தநாரி மெதுவாக.

"மூணாறுல கூடக் கெடைக்காதுங்கண்ணா."

பூபதிராஜா போனை எடுத்து எருமையின் முதுகை நீளவாக்கில் ஒரு படம், அகலவாக்கில் ஒரு படம் எடுத்தார். தட்டுக்கு அளவு பார்க்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

கோமதி எழுந்தார். "கொண்டாங்க அதைய" என்று எருமையை வாங்கி ஜீப்பின் முன்சீட்டில் மடியில் கிடத்தினார். சுடுதண்ணீர்ப் பையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, தன் கம்பளியால் சுற்றினார். மொக்கையன் இஞ்சின் சூடு வர ஜீப்பை ஸ்டார்ட் செய்து உறும விட்டார். பந்தயம் பார்க்க வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, குழந்தைக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு. சளி கட்டிக்கிச்சு" என்றார் கோமதி.

"அக்கா, நீ எந்தக் கட்சி?" என்றார் பூபதிராஜா.

"நீ சும்மா இரு. ஒரு உசுரு வெறச்சுக் கெடக்குது, கட்சி பேசறான்."

சிரிஞ்சுக்குள் வெள்ளை கரைந்து மஞ்சளாகித் தெளிந்தது. கவுசிக் எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் கோமதி எருமையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்த இடுப்பு வலி அப்போது எங்கே போனதோ தெரியாது.

எருமை கிளம்பியது. முதல் வயலில் பாத்தி பாத்தியாக ஏறி இறங்கியது, தொட்டில் ஆடுவது போல. இரண்டாம் வயலின் கல்கட்டில் முன்சக்கரம் இரண்டும் பிடித்து, ஒரு மூச்சு நின்று, ஏறிவிட்டது. கூட்டம் கைதட்டியது. கடையில் வாங்கிய வண்டிகள் மூன்று அந்தக் கல்கட்டில்தான் கவிழ்ந்திருந்தன. அர்த்தநாரி ரிமோட்டோடு தானும் குனிந்து நிமிர்ந்தார். மூன்றாம் வயலும் முடிந்தது.

நாலாம் வயலுக்கு இன்னும் வெயில் வரவில்லை. யூக்கலிப்டஸ் நிழல். பனியில் நனைந்த மண். பாதி வயல் போவதற்குள் எருமையின் நடை மாறியதைக் கீழே நின்ற நாங்களே பார்த்தோம். ஆட்டம் குறைந்தது. பிறகு துள்ளல். எண்ணெய் மறுபடி உறைந்துகொண்டிருந்தது.

"மெதுவா விடுங்க, மெதுவா விடுங்க" என்றார் கோமதி.

மெதுவாகத்தான் விட்டார். கயிறு இரண்டு எட்டுத் தூரத்தில். நடுவே, யாரோ பிடுங்காமல் விட்ட ஒரே ஒரு கேரட். பக்கத்தில் இத்தனை வயல் இருக்க, எருமையின் இடது சக்கரம் அதன்மேல்தான் ஏறியது. ஒரு துள்ளு. மல்லாந்து விழுந்து நாலு சக்கரமும் வானத்தைப் பார்த்துச் சுற்றின.

பூபதிராஜாவே போய் அதைத் தூக்கி, மண்ணைத் தட்டி, எடுத்து வந்தார். அந்தக் கேரட்டையும் பிடுங்கிக் கொண்டுவந்தார். "கயித்துக்குப் பக்கத்துல போயிருச்சுங்க மாமா" என்றார்.

"பக்கத்துல போறது தாண்டுறது ஆவாது மாப்ள. தையில வந்து எடுத்துக்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் எருமையின் மேல் கை வைத்தபடியே வந்தார். மறையூர் இறங்கி வெயில் வந்ததும் எண்ணெய் தானாகக் கரைந்தது. அதைப் பார்த்து, "இப்ப எதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

தை முகூர்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். எண்ணெயை மாற்றித் தரவா என்று கேட்டதற்கு, தோற்ற வண்டிக்குப் புது எண்ணெய் எதற்கு என்றுவிட்டார். ஆனால் ரிமோட்டை வேறு கையில் கொடுக்க மாட்டேன் என்று வெள்ளைச் சட்டை போட்டு அவரே வந்திருந்தார். எருமையின் முதுகில் பித்தளைத் தட்டு, தாம்பூலம், பன்னீர்ச் சொம்பு, மூக்கில் ரோஜா. எருமையை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மேடைக்கு நான்கு படி ஏற வேண்டும். அதற்குப் பலகைச் சரிவு போட்டிருந்தார்கள். பன்னீர் சிந்தும் என்று சமையல்காரர் முதல் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வண்டி ஆடாமல் அசையாமல், விறைப்பாக, படம் நகர்வது போல மேடைக்குப் போய் நின்றது. மண்டபமே எழுந்து பார்த்தது. நான் குனிந்து பார்த்தேன். புது ஏசியை உச்சத்தில் வைத்து, அதன் காற்றில் காலையிலிருந்து வண்டியை நிறுத்தியிருந்தார் பூபதிராஜா. சிரிஞ்சு நான்கும் வெள்ளை வெளேர். கல் இல்லாத பலகையில் அந்த விறைப்புதான் தட்டை ஆடாமல் வைத்திருந்தது.

அர்த்தநாரியும் பார்த்தார். வட்டவடையில் அவரைக் கவிழ்த்த அதே எண்ணெய். சிரிப்பை அடக்க முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னங்க மாமா?" என்றார் பூபதிராஜா.

"ஒண்ணுமில்ல மாப்ள. ஏசியக் கொறச்சுப்போடாத."

இப்போது அர்த்தநாரிக்கு ஐம்பத்தாறு வயது. முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் எருமையை ஓட்டுகிறார். முதல் பந்தியில் சாப்பிடுகிறார். மற்ற நாட்களில் மோட்டார் ரூமில் இரண்டாவது வண்டி கட்டுகிறார். அதற்குச் சிலிக்கான் எண்ணெய் வாங்கியிருக்கிறார். புட்டியை ஊர் கண்ணில் படாமல் வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். வரும் மார்கழிக்கு வட்டவடையில் பெயர் கொடுத்தாயிற்று. கோமதி புதிதாக ஒரு சுடுதண்ணீர்ப் பை வாங்கியிருக்கிறார். அது வண்டிக்கு இல்லை, இடுப்புக்குத்தான் என்கிறார்.