சந்தன நிறத்துக்குக் கீழே எழுதிய பத்தி

என்னை நம்பி ஒரு பெண் சொன்னதை எடுத்து ஊருக்குப் படிக்கக் கொடுத்தேன். அவள் பெயரைப் போடவில்லையே என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் போடாமலே ஆளைக் கண்முன் நிறுத்தத் தெரிந்தவன் நான். முப்பது வருடம் தமிழாசிரியர் வேலை பார்த்தவன்.

என் மகள் கள்ளக்குறிச்சியில் உரக்கடைக்கு மேலே உள்ள மாடியில் மனநல ஆலோசனை மையம் தொடங்கினாள். பலகையில் ‘கவுன்சிலிங்’ என்று இருந்ததால் முதல் வாரத்தில் இரண்டு தகப்பன்மார் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு ஏறி வந்தார்கள். வர வேண்டியவர்களோ படிக்கட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கீழேயே நின்று திரும்பிப் போனார்கள். அவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு இணையதளம் வேண்டும் என்றாள் மகள். சின்னசேலத்தில் ஒருவர் செய்து தர ஒப்புக்கொண்டு, நீலம், இளம்பச்சை, சந்தனம் என்று மூன்று நிறங்களில் மாதிரிப் பக்கத்தைத் தாளில் அச்சடித்து அனுப்பினார்.

“வர்றவங்களே எடுக்கட்டும்ப்பா. நான் கேட்டா எனக்குப் புடிச்சத சொல்லுவாங்க. நீங்க வெளிய உக்காந்து கேளுங்க. கலர மட்டும் கேளுங்க. அவங்களா வேற எதுனா சொன்னாலும் உங்க காதோட வெச்சிக்கோங்க” என்றாள். சரி என்றேன்.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து கேட்டேன். பலரும் நீலத்தைத் தொட்டார்கள். தியாகதுருகத்திலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி மூன்று தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்த கலர போட்டாலும் எதுனா ஒரு கட்சின்னுவானுங்க சார். வெள்ளையா வுட்டுடுங்க. இல்ல, அதுக்கும் ஒருத்தன் வருவான்” என்றார். உள்ளே இருந்த மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி வருவாள். கல்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் பால்வாடி டீச்சர். வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். சாட்சிக்கு ஒரு பையில் வெட்டாத ரவிக்கைத் துணி இருக்கும். மூன்று தாளையும் காட்டியதும், “பச்ச மட்டும் வேணாங்க சார்” என்றாள்.

“ஏம்மா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. மகள் சொன்னதை முதலில் மீறியது அந்த ஒரு சொல்லில்தான்.

“எங்க பால்வாடி செவுரு பச்ச சார். போன வருஷம் அடிச்சாங்க. புள்ளைங்கள தூங்க வெச்சிட்டு அந்த செவுத்த பாத்துக்கினு அழுதுக்கினு இருப்பேன். இன்னாத்துக்குன்னு எனக்கே தெரியாது.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். “யாருக்கும் தெரியாது சார். தெரிஞ்சா எங்கிட்ட புள்ளைய வுடுவாங்களா?” பிறகு சந்தனத் தாளைத் தொட்டு, “இது நல்லாருக்குது. புதுசா மண்ணு பூசுன வூடு மாதிரி” என்றாள்.

அன்று முழுவதும் அவள் சொன்னது என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் துயரம்தான் சுற்றியது என்று எழுத ஆசைதான். ஆனால் சுற்றியது வாக்கியம். பச்சைச் சுவர், தூங்கும் குழந்தைகள், புது மண் பூசிய வீடு. இப்படி ஒன்றை என் வாழ்நாளில் நான் எழுதியதில்லை. பெரும்பாலோர் சந்தனத்தைத்தான் எடுத்தார்கள் என்று மகளிடம் பொய் சொன்னேன். ‘இந்த நிறம் ஏன்?’ என்று தலைப்பிட்டு இணையதளத்துக்கு ஒரு பத்தி எழுதினேன். மலையில் ஒரு பால்வாடி, அதன் பச்சைச் சுவர், அதைப் பார்த்து அழும் ஆசிரியை, அவள் கேட்ட மண் நிறம் எல்லாம் அதில் இருந்தன.

சின்னசேலத்துக்காரர் போனில், “மேடம் பாத்துட்டாங்களா சார்?” என்று கேட்டார்.

“பாத்தாச்சு. போட்டுடுங்க” என்றேன்.

அதோடு விடவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன். ‘கண் கலங்கிவிட்டது ஐயா’ என்று பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். குழுவில் மலைப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். யார் யாருக்கு அனுப்பினார்களோ தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தையல் பை இல்லாமல் வந்தாள்.

மேசைமேல் போனை வைத்து என் பக்கம் திருப்பினாள். “சார், இது நீங்க எழுதினதா?”

“பேர் போடலியேம்மா.”

“பேரு போட்டிருந்தா கூட வேற எவளோன்னு சொல்லியிருப்பேன். எங்க பக்கம் பச்ச செவுரு பால்வாடி எத்தினி சார் கீது? ஒண்ணுதான்.” குரல் உயரவில்லை. “எங்க வூட்டுக்காரரு துணிப்பைய தூக்கி வாசல்ல போட்டாரு. ரெண்டு புள்ளைங்க வரல. மத்ததுங்க வூட்ல பேசிக்கினு கீறாங்க.”

மகள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். போனை எடுத்துப் படித்தாள். படித்து முடித்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க இப்போது எனக்கு வாக்கியம் வரவில்லை.

“உள்ள வாங்க, பேசலாம்” என்று அவளைக் கூப்பிட்டாள்.

அவள் போகவில்லை. “இல்லீங்கம்மா. இனிமே வாயத் தொறந்தா பயமா இருக்கும்.” படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பி என்னிடம் சொன்னாள்: “நீங்க கலர கேட்டீங்க. நான் கலரத்தான சார் சொன்னேன்.”

அன்றே பத்தியை எடுக்கச் சொன்னேன். மறுநாள் காலை, மகளிடம் சொல்லாமல், மலை பஸ் ஏறினேன். தாய்மார்களிடம் நேரில் பேசிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நான் சொன்னால் ஊர் கேட்கும் என்ற நினைப்பு வாத்தியார்களுக்குச் சாகும்வரை போகாது.

மதியம் பிள்ளைகளை அழைத்துப்போக ஐந்தாறு பெண்கள் பால்வாடி வாசலில் நின்றார்கள். நான் இன்னார் என்று சொல்லிவிட்டுப் பேசினேன். “அது நான் கற்பனையா எழுதினதும்மா. உங்க டீச்சரப் பத்தி இல்ல. அவங்கள எனக்குத் தெரியவே தெரியாது.”

இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “தெரியாதவங்களுக்கோசரமா சார் இம்மாந்தொலைவு பஸ்சு ஏறி வந்தீங்க? நாங்க பாதி பேரு நம்பாமதான் இருந்தோம்.” பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையை இடித்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலைந்து போனார்கள்.

டீச்சர் உள்ளே பச்சைச் சுவரை ஒட்டி உட்கார்ந்து, கடைசியாக இருந்த ஒரு குழந்தைக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பஸ்சு ரெண்டு மணிக்கு சார். அத வுட்டா சாயந்தரம்தான்” என்றாள்.

சில மாதங்களில் அவள் மாற்றல் கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறொரு ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். மகள் எத்தனையோ முறை கூப்பிட்டும் அவள் போனை எடுக்கவில்லை. எடுத்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மகளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேறு ஒரு ஆலோசகரின் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவைத்தாள். அதற்கும் பதில் இல்லை.

நான் இப்போது அந்த மாடிக்குப் போவதில்லை. இணையதளத்தை மட்டும் எப்போதாவது திறந்து பார்ப்பேன். நிறம் மாறவில்லை, அதே சந்தனம். ஒருநாள் பக்கத்தின் அடியில் ஒரு வரி காணாமல் போயிருந்தது. ‘இங்கே சொல்வது இந்த அறையைத் தாண்டாது’ என்று தொடக்கத்திலிருந்தே இருந்த வரி. தவறுதலாக அழிந்திருக்கும் என்று நினைத்து மகளிடம் சொன்னேன்.

“நான்தான்ப்பா எடுக்கச் சொன்னேன்” என்றாள்.

“அதுதானம்மா முக்கியம்?”

“பொய்யா இருக்குதேப்பா.”

அவளுக்கு மிகவும் பிடித்திருந்த வரி அது. மையம் திறந்த அன்று அவள் கேட்டு, நான் எழுதிக் கொடுத்தது.