சத்தம் வராத கிட்டார்

சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் நின்ற அந்தச் சார்ஜன்டுக்கு மீசை நரைத்திருந்தது. எந்தப் பையைத் திறந்தாலும் வெடிமருந்து வாசம் வருகிறதா என்று முதலில் முகர்ந்து பார்ப்பார். அன்றுதான் வாங்கிய என் எலெக்ட்ரிக் கிட்டாரையும் முகர்ந்தார்.

தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் வழக்கமாக இரண்டு, மூன்றுதான் இருக்கும். இதில் நாலு; அதிலும் ஒன்று சாய்வாக. "இது என்ன?" என்று அவர் சிங்களத்தில் கேட்டதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"உள்ளுக்குக் காந்தம் சேர், அதைச் சுத்தி மெல்லிய வயர்..."

"விசரா, வயரைப் பற்றி இஞ்சயா கதைக்கிறாய்?" பின்னால் நின்ற அண்ணா தமிழில் முணுமுணுத்தான்.

சார்ஜன்டின் முகம் மாறிவிட்டது. "வாசி மல்லி," என்றார்; மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

சத்தத்தைப் பெருக்கிற அம்ப் இல்லாமல் அது காதடியில் பறக்கிற நுளம்பு மாதிரித்தான் முனகியது.

"கிட்டார் எண்டால் சத்தம் எங்கே?"

கேட்டபடியே குனிந்து கிட்டாரின் மரத்தில் காதை வைத்தார். "இன்னொருக்கா." வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார், சிரித்தார். எனக்கு உயிர் திரும்பியது.

"நல்லாயிருக்கு, மல்லி," என்றவர், ஸ்க்ரூட்ரைவரோடு ஒருவனைக் கூப்பிட்டு, நாலு பிக்கப்பையும் கழற்றச் சொன்னார்.

வயர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. வெயிலில் நிற்காதே என்று தன் கதிரையை எனக்கு உட்காரத் தந்தார். இருந்தேன். அவர்மேல் எனக்கு ஏன் இன்றைக்கும் முழுதாகக் கோபம் வரவில்லை என்பது விளங்கவேயில்லை.