விடுதிப் பூட்டு வழக்கு

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி நான் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த விடுதி கேட்டை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். ஷிப்ட் பஸ் வந்தால் திறக்கும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும். எல்லாம் எங்கள் பாதுகாப்புக்காம். ஒருநாள் என் அறைத்தோழிக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிவிட்டது. டாக்டரிடம் போகவேண்டும் என்று கெஞ்சினோம்.

"வார்டன் சொல்லாம தொறந்தா என் வேலை பூடும்மா," என்றார் வாட்ச்மேன். வார்டன் மறுநாள் மத்தியானம்தான் வந்தார்.

அந்தக் கோபத்தில், தோழிக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் மூலம் இருவரும் ஹைகோர்ட்டில் மனு போட்டோம். வேலை முடிந்து வந்த பெண்களை அடைத்துவைக்க யாருக்கும் உரிமையில்லை, அதிகாரிகள் இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். விசாரணைக்கு முந்தின வாரம் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். பயந்துவிட்டார்கள் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

கோர்ட்டில் சொல்லவேண்டியதை பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்தோம். ஆனால் எங்களை யாரும் கூப்பிடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொன்னார், நீதிபதி ஏதோ சொன்னார், அதற்குள் அடுத்த கேஸ் வந்துவிட்டது.

"தள்ளுபடி," என்றார் வக்கீலம்மா வெளியே வந்து.

"தோத்துட்டோமா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இப்ப பூட்டறதில்லன்னு சொல்லிட்டாங்க. இனிமே விசாரிக்க ஒண்ணுமில்லன்னு ஜட்ஜ் முடிச்சிட்டாரு."

"அப்ப ஜெயிச்சிட்டோமா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "தள்ளுபடின்னா ஆடி மாசம் ஜவுளிக்கடையில குடுப்பானே, அதாட்டி?" என்றாள். இல்லை என்றேன். பின்னே என்ன என்றாள். வக்கீலம்மா சொன்னதையே அப்படியே ஒப்பித்தேன்.

அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் ஹைவே வரைக்கும் நடந்துபோய் டீ குடித்தோம். போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே தோழி திடீரென்று அழுதாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு மாதம் கூட ஆகவில்லை, மறுபடி பூட்டிவிட்டார்கள். "நான் இன்னாம்மா பண்றது, மேல சொல்லிட்டாங்க," என்றார் வாட்ச்மேன். வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். புதிதாகத்தான் கேஸ் போடவேண்டும் என்றார்.

"பூட்ட மாட்டோம்னு கோர்ட்லயே சொன்னாங்களே, மேடம்?"

"'இப்ப பூட்டறதில்ல'ன்னுதாம்மா சொன்னாங்க."

புதிதாகப் போட எங்களுக்குத் தெம்பில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டுத் தண்டலத்தில் ஒரு ரூம் எடுத்துக்கொண்டோம். கேஸ் என்ன ஆயிற்று என்று கம்பெனி லைனில் கூட வேலை செய்கிற யாராவது கேட்டால், தோழி சில நாள் தோற்றோம் என்பாள். சில நாள், கொஞ்ச நாளாவது திறக்க வைத்தோமே என்பாள். நான் இன்றுவரை ஒழுங்காக ஒரு பதில் சொன்னதில்லை.