பல் வைத்தியர் கொடுத்த கடிதம்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியிலேயே சீனச் சிந்தனை தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை ஊருக்குச் சொன்னவனும் நானேதான். பகலில் கல்லூரியில் சரித்திரம். மாலையில் ஸ்ரீரங்கத்து வீட்டில் அகராதியைப் பிரித்து வைத்துச் சீன எழுத்து. இருநூறு பழகியாயிற்று.

வடக்கே ஒரு பல்கலைக்கழகம் சீனம் படிக்க உதவித்தொகை அறிவித்தது. வயது வரம்பில் எனக்கு அதுவே கடைசி வருஷம். மொழி அறிந்த ஒருவரின் கடிதம் வேண்டும். ஊரில் அப்படி இருந்தவர், கடைவீதியில் பல் வைத்தியம் பார்த்த சீனர் மட்டுமே. இங்கேயே பிறந்தவர்.

"எழுதிக் காட்டுங்க சார்" என்றார். கம்பீரமாக எழுதினேன்.

"என்னங்க இது, வாசல்ல கோலமா போடுறீங்க?"

ஒவ்வொரு கோட்டுக்கும் பேனாவை எடுத்து, முறைப்படி மேலிருந்து கீழே போட வேண்டுமாம். நானோ தமிழ் எழுதிய கையால், எடுக்காமல், சுழித்துச் சுழித்து ஒரே இழுப்பு. இருநூறும் சிக்குக்கோலம்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"புத்தகம் பாத்துக் கத்துக்கிட்டேன்."

"நானும் புத்தகம் பாத்துப் பல்லு பிடுங்கினா வருவீங்களா?"

வெட்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "வலிக்குதா? உக்காருங்க. வாயத் திறங்க." உண்மையிலேயே ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாக இருந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு, சீனத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்.

"கவரை ஒட்டலை சார். படிச்சுப் பாத்துக்குங்க. உங்களுக்குத்தான் தெரியுமே!"

பஸ்ஸில், பஞ்சைக் கடித்த மரத்த வாயோடு படித்தேன். 'பல்' புரிந்தது. 'இல்லை' புரிந்தது, அதுவும் இரண்டு இடத்தில். மற்றதெல்லாம் கீழே காவிரிபோலக் கண்முன் நழுவி ஓடியது. பாலம் முடிவதற்குள் மூன்று முறை அந்தக் கடிதத்தை ஆற்றில் விடப் பார்த்தேன். வேறு கடிதத்துக்கு எங்கே போவது? மறுநாள் விண்ணப்பத்தோடு தபாலில் சேர்த்தேன்.

நேர்முகத்தில் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டு அதை இங்கிலீஷில் எனக்குச் சொன்னார்: "இவருக்கு எழுத வரவில்லை. படிக்கவும் அநேகமாக வரவில்லை. இவருடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், சத்தமே போடாதவர். பொறுமைசாலி, கற்றுக்கொள்வார்."

"சீனத்துக்கு அந்தப் பொறுமைதான் வேண்டும்" என்று சொல்லி என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் பிடுங்கினார் என்பதை வைத்தியரும் எழுதவில்லை. நானும் சொல்லவில்லை.