எருமைக்குக் கேட்ட புடவை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், அதற்கு வேண்டிய ஆவாரம்பட்டையை நிறுத்து வாங்குவது அப்போது என் வேலை. எடை கூட்டுவதற்காகப் பட்டையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். அதனால் எதையும் கையால் பிசைந்து பார்க்காமல் நம்பமாட்டேன். மனிதர்களைப் பிசைந்து பார்க்க முடியாதே என்பதுதான் குறை.

என் மனைவி பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வைத்தியக் கடன் கழுத்தை நெரித்தது. காரியம் முடிந்ததும் எங்கள் எருமையைக் கன்றோடு, மாதனூரிலிருந்து பட்டை கொண்டுவரும் ஒருவனுக்கு விற்றேன். துண்டுக்குள் விரல் பிடித்து அறுபது ரூபாய் பேசினோம். பாதி அப்போதே கொடுத்தான். மீதி, கறந்து பார்த்த பிறகு. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை.

மறுவாரம் வந்தவன், "பாலே தரல அய்யா, ஒதைக்குது" என்றான். விலையைக் குறைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் அதே பாட்டு. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க வூட்டம்மா பழைய பொடவ ஒண்ணு இருந்தா குடுங்க. எம் பொண்டாட்டி அத்த கட்டிக்கினு கறந்து பாக்கட்டும்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தவள் புடவையைக் கேட்டால் மனம் நொந்து பாக்கியை விட்டுவிடுவேன் என்று கணக்குப் போடுகிறானா? அதை வைத்து யாராவது சூனியம் செய்தால்? மற்றப் புடவைகளையெல்லாம் காரியத்தன்றே கொடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வைத்தியத்துக்குக் கடன் கொடுத்தவனுக்கு என் மனம் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அந்தப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மாதனூர் போனேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவன் மனைவி பருத்திக்கொட்டை வைத்து, தடவிக் கொடுத்து உட்கார்ந்தாள். எருமை உதைத்தது. செம்பு காலியாகவே இருந்தது. முன்பே கன்றை ஊட்டவிட்டு நாடகம் போடுகிறார்களோ என்று அப்போதும் சந்தேகம்தான்.

உள்ளே போய்ப் புடவையைக் கொடுத்தேன். "கறந்ததும் திருப்பிக் குடுத்துடணும்" என்றேன்.

அவள் கட்டிக்கொண்டு வந்தாள். எருமை முந்தானையை முகர்ந்தது. மெல்லக் கத்தியது. பிறகு அசையாமல் நின்று செம்பு நிறையக் கறந்தது. என் வீட்டில் அதை என் மனைவியைத் தவிர யாரும் கறந்ததில்லை. அவள் படுத்த நாளிலிருந்து பால் முழுதும் கன்றுக்குத்தான். விற்கும்போது இதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அவன் உள்ளே போய் முப்பது ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். எண்ணிப் பார்க்கச் சொன்னான். நான் எண்ணவில்லை. அதற்குள் அந்தப் பெண் புடவையை மாற்றி, மடித்து நீட்டினாள். நாளைக் காலை எருமை மறுபடி உதைக்கும் என்று எங்கள் மூவருக்குமே தெரியும்.

"நீயே வெச்சுக்கம்மா. தொவச்சிடாத, வாசன போய்டும்" என்றேன். அதற்கு மேல் நின்றால் அழுதுவிடுவேன் என்று நடக்க ஆரம்பித்தேன்.